புள்ளலூரில் பறந்த இரும்பு வாணம்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் இருக்கிறது புள்ளலூர். பட்டு எடுக்கவும் பெருமாளையும் காமாட்சியையும் சேவிக்கவும் காஞ்சிக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. நெல் விளையும் சாதாரணக் கிராமம். 1781-ல் அங்கே இறந்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவருக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் மட்டும், இது ஒரு காலத்தில் போர்க்களமாக இருந்ததைச் சொல்கின்றன.

போருக்கு இந்த ஊர் புதிதல்ல. மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. அதற்கு 1,100 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் அதுவரை கண்டிராத தோல்வியை இதே மண்ணில் கண்டது. அன்று வானில் பறந்தவற்றில் மூங்கில் வால் கட்டிய இரும்பு வாணங்களும் இருந்தன. அறிவியல் வரலாற்றில் மைசூர் ராக்கெட் என்று அவற்றைச் சொல்வார்கள்.

கருமருந்தைப் பற்றி ஒரே ஒரு பாடம் படிக்க வேண்டுமென்றால் நான் புள்ளலூரைத்தான் எடுத்துக்கொள்வேன். துப்பாக்கி, தோட்டா, ராக்கெட் மூன்றும் அங்கே ஒரே களத்தில் இருந்தன. மூன்றிலும் எரிந்தது ஒரே மருந்து. அந்த மருந்தை எதில் அடைத்தார்கள், எப்படி அடக்கினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அன்று நடந்தது

1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி பெரும்படையோடு, அன்று கர்நாட்டிக் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுப் பகுதிக்குள் இறங்கினார். பக்ஸார் போரில் வென்ற சர் ஹெக்டர் மன்ரோ சென்னையிலிருந்து படையுடன் காஞ்சிக்கு வந்து காத்திருந்தார். வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி தன் படையோடு வந்து அவரோடு சேர வேண்டும் என்பது ஏற்பாடு. வழியில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். பெய்லி கரையிலேயே நாள்களை இழந்தார். ஆற்றைக் கடந்து பேரம்பாக்கம் வந்தபோது, செப்டம்பர் 6-ல், ஹைதரின் மகன் திப்பு சுல்தான் அவரை மறித்தார். மன்ரோ அனுப்பிய கர்னல் பிளெட்சரின் உதவிப்படையும் சேர்ந்த பிறகு பெய்லியிடம் ஏறத்தாழ 3,800 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் நம்மூர்ச் சிப்பாய்கள்.

செப்டம்பர் 9 இரவில் புறப்பட்ட அந்தப் படை, விடிந்ததும் புள்ளலூர் வெளியில் சுற்றி வளைக்கப்பட்டது. திப்புவின் படையோடு ஹைதரின் முதன்மைப் படையும் வந்து சேர்ந்தது. பீரங்கிக் குண்டுகளும் வாணங்களும் பொழிந்துகொண்டிருந்த நேரத்தில், பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அந்த வண்டிகளைக் கொளுத்தியது பீரங்கிக் குண்டா, வாணமா என்பதில் அக்காலக் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. விளைவில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை: வண்டிகளோடு மருந்தும் தோட்டாக்களும் போயின, சதுரமாக அணிவகுத்து நின்ற படை கலைந்தது, பெய்லி சரணடைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்த அவர் 1782-ல் அங்கேயே இறந்தார். காஞ்சியில் இருந்த மன்ரோ தன் கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இந்த வெற்றியைத் திப்பு சுவரில் தீட்டி வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில், பல்லக்கில் அமர்ந்த பெய்லியையும் வெடித்துச் சிதறும் மருந்து வண்டியையும் இன்றும் பார்க்கலாம்.

மருந்தும் அதன் உறையும்

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்ததுதான் கருமருந்து. கரியும் கந்தகமும் எரிபொருள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் கருமருந்து எரியக் காற்று தேவையில்லை. மூடிய குழாய்க்குள்ளும் எரியும். பதினெட்டாம் நூற்றாண்டு உலகத்துக்கு வெடியுப்பைப் பெருமளவு கொடுத்தது பீகார். கம்பெனிக் கப்பல்கள் பருத்தித் துணியோடும் மிளகோடும் அதையும் ஏற்றிக்கொண்டு போயின.

ஒரு கிராம் கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாக மாறுகிறது. மிச்சம் நுண்ணிய திடப்பொருளாக நின்றுவிடுகிறது; பழைய போர்களில் எழுந்த வெள்ளைப் புகை மண்டலம் அதுதான். வாயுவான பங்கு அறை வெப்பத்தில் ஏறத்தாழ 280 கன சென்டிமீட்டர் இடம் கேட்கும். எரியும்போது வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதால் அது கேட்கும் இடம் இன்னும் பல மடங்கு. அந்த இடத்தைக் கொடுக்க மறுத்தால் வாயு சுவரைத் தள்ளும். இந்தத் தள்ளுதலைத்தான் அழுத்தம் என்கிறோம்.

தீபாவளிக்கு நாம் கொளுத்தும் பட்டாசிலேயே இது தெரியும். புஸ்வாணத்தில் வாய் திறந்திருக்கிறது. வாயு சீறிக்கொண்டு வெளியேறுகிறது. லட்சுமி வெடியில் மருந்தைச் சுற்றி இறுகக் கட்டியிருக்கிறார்கள். வழியில்லாத வாயு உறையைக் கிழித்துக்கொண்டு வெடிக்கிறது. ஒன்று பூவாய்ப் பொழிவதும் மற்றொன்று காதைப் பிளப்பதும் உறையின் வேலை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கருமருந்து எரியும் வேகம் நிலையானதல்ல. சுற்றியுள்ள அழுத்தம் கூடக் கூட எரியும் வேகமும் கூடும். வேகம் கூடினால் வாயு அதிகம் பிறக்கும். வாயு அதிகமானால் அழுத்தம் மறுபடியும் ஏறும். உறை தாங்கினால் இந்தச் சுற்று நமக்குப் பயன்படும். தாங்காவிட்டால் கொளுத்தியவர் கையிலேயே வெடிக்கும்.

கொல்லன் உலையில் பிறந்த ராக்கெட்

வாணம் ஹைதர் அலியின் காலத்துக்கு முன்பே இந்தியாவிலும் சீனத்திலும் ஐரோப்பாவிலும் இருந்தது. மூங்கில், மரம், அடுக்கடுக்காய் ஒட்டிய காகித அட்டை ஆகியவற்றில் குழாய் செய்து மருந்தை அடைப்பார்கள். அப்படிப்பட்ட உறைக்குள் அழுத்தத்தை அதிகம் ஏற்ற முடியாது, ஏற்றினால் கிழியும். அதனால் தள்ளுவிசை குறைவு, தொலைவும் குறைவு.

மைசூரில் அந்த உறையை இரும்பாக மாற்றினார்கள். கொல்லர்கள் மென்மையான இரும்பைத் தகடாக அடித்து, உருட்டிக் குழாயாக்கி, ஒரு முனையை மூடி, மறுமுனையில் வாயு வெளியேறத் துளை விட்டார்கள். அப்படிச் செய்த இரண்டு வாணங்கள் இங்கிலாந்தின் உல்விச்சில் இருந்த பீரங்கிப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெங்களூரின் வானூர்தி அறிவியலாளர் ரோத்தம் நரசிம்மா அவற்றின் அளவுகளைத் தம் ஆய்வில் பதிவு செய்திருக்கிறார். ஒன்றின் இரும்புக் குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம், அதைத் தோல் வாரால் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான வாள் அலகோடு இறுகக் கட்டியிருந்தார்கள். மற்றொன்று 20 செ.மீ. குழாய், தோல் வாராலேயே இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைந்த மூங்கிலோடு கட்டியது. ஒரு சிப்பாய் ஒற்றைக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய பொருள். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது.

குழாய்ச் சுவர் எவ்வளவு இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குழாயின் ஆரத்தால் பெருக்கி, சுவரின் கனத்தால் வகுத்தால் போதும். ஆரம் 20 மி.மீ., கனம் 2 மி.மீ. என்றால், உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் போல் பத்து மடங்கு இழுவிசை சுவர் மேல் விழும். இதைத் தாங்க அட்டையை மிகக் கனமாகச் சுற்ற வேண்டும். அப்போது உறையின் எடையே வாணத்தைக் கீழே இழுத்துவிடும். இரும்பில் மெல்லிய சுவரே போதும். அதனால் மருந்தை இறுக்கி நிறைய அடைக்கலாம், அழுத்தத்தை ஏற்றலாம், துளை வழியே வாயுவை அதிக வேகத்தில் வெளியேற்றலாம். நொடிக்கு எவ்வளவு எடை வாயு, என்ன வேகத்தில் வெளியேறுகிறது என்ற இரண்டின் பெருக்கல்தான் ராக்கெட்டின் தள்ளுவிசை. உறையை மாற்றியதில் இரண்டுமே உயர்ந்தன.

கணக்கு தெரிந்து செய்தார்களா என்று கேட்கலாம். உலையும் சுத்தியலும் பலமுறை வெடித்துச் சிதறிய குழாய்களுமே அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கும். அந்தக் கொல்லர்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அவர்கள் செய்த பொருள் இருக்கிறது. ஷிவமொக்கா மாவட்டத்து நகரா கோட்டைப் பகுதியில், 2018-ல், தூர்ந்துபோன ஒரு கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணக் குழாய்களைக் கர்நாடகத் தொல்லியல் துறையினர் எடுத்தார்கள். இருநூறு ஆண்டுச் சேற்றில் துருப்பிடித்தும் குழாயின் வடிவம் குலையாமல் இருந்தது.

மூங்கில் வால் எதற்கு?

இரும்புக் குழாயை மட்டும் கொளுத்தி விட்டால் அது நேராகப் போகாது. தரையில் சுழலும், குட்டிக்கரணம் போடும், கொளுத்தியவர் மேலேயே திரும்பும். தள்ளுவிசை குழாயின் நடுக்கோட்டில் துல்லியமாக விழாவிட்டால், சிறு கோணல்கூடப் பெரிதாகிக்கொண்டே போகும்.

பறக்கும் பொருளுக்கு இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று, எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் எடைமையம். மற்றொன்று, காற்றின் எதிர்ப்பு முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் அழுத்தமையம். எடைமையம் முன்னாலும் அழுத்தமையம் பின்னாலும் இருந்தால், முனை விலகும்போதெல்லாம் காற்றே வாலைத் தள்ளி நேராக்கும். நீண்ட மூங்கில் எடையை அதிகம் கூட்டாமல் அழுத்தமையத்தை வெகு பின்னுக்கு இழுக்கிறது. அம்பின் இறகும் ஏவுகணையின் துடுப்பும் செய்வது இதே வேலை. நம் தீபாவளி ராக்கெட்டின் குச்சியும் அப்படித்தான்.

எந்தக் கோணத்தில் சாய்த்து விடுவது என்பதற்கும் பயிற்சி இருந்தது. குழாயின் பருமனையும் இலக்கின் தொலைவையும் பார்த்துக் கோணம் வைக்க மைசூர் வாணப்படையினர் பழகியிருந்தார்கள். ஒரே நேரத்தில் பல வாணங்களை விடும் சக்கர வண்டிகளும் அவர்களிடம் இருந்தன. ஹைதர் காலத்தில் 1,200 பேர் இருந்த வாணப்படை, திப்புவின் காலத்தில் 5,000 பேராக வளர்ந்தது என்பார்கள். ஒற்றை வாணம் குறி தவறலாம். நூறு வாணம் ஒருசேர வந்தால் குதிரை மிரளும், மாடு கட்டறுக்கும், அணி கலையும். புள்ளலூரில் திறந்தவெளியில் அடைபட்டு நின்ற படைக்கு இதைவிடக் கொடியது வேறில்லை.

சிப்பாயின் காகிதத் தோட்டா

எதிர்ப்பக்கம் பெய்லியின் சிப்பாய் கையில் இருந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கும் கம்பெனித் துப்பாக்கி. அவன் இடுப்புப் பையில் தோட்டாக்கள். அக்காலத் தோட்டா என்பது காகிதச் சுருள். ஒரு முறைக்கு வேண்டிய மருந்தும் ஒரு ஈயக் குண்டும் உள்ளே. சுருளின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிப்பான். சிறிது மருந்தைத் துப்பாக்கியின் கிண்ணியில் இடுவான். மிச்சத்தைக் குழல் வாயில் கொட்டிக் குண்டையும் காகிதத்தையும் கம்பியால் இடித்து இறக்குவான். பழகிய கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும்.

இங்கே காகிதத்துக்கு மருந்தை அளந்து சுமப்பதைத் தவிர வேறு பொறுப்பில்லை. அழுத்தத்தைத் தாங்குவது துப்பாக்கியின் இரும்புக் குழல். வாணத்தில் வாயு சில நொடிகள் நீடித்து வெளியேறும். துப்பாக்கியிலோ நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். குண்டு குழலைத் தாண்டுவதற்குள் மருந்து தன் வேலையைச் செய்துவிட வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் பெரிய அழுத்தம் எழுவதால் குழல் கனமாகிறது; பின்னுதைப்பும் வலுக்கிறது. பீரங்கியை இழுக்க எருதுகள் வேண்டியிருந்ததற்கும் வாணத்தை ஒருவன் தோளில் சுமந்து ஓடியதற்கும் காரணம் இதுதான். வாணத்துக்குப் பின்னுதைப்பு கிடையாது. தாங்கிப் பிடிக்கக் கனத்த வண்டியும் தேவையில்லை.

கடலூரில் இறந்த கணித அறிஞர்

துப்பாக்கிக் குழலுக்குள் நடப்பதை முதன்முதலில் அளந்து காட்டியவருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-ல் அவர் வெளியிட்ட பீரங்கி இயல் நூல் அந்தத் துறையையே மாற்றிப்போட்டது. அவர் செய்த கருவி மிக எளியது. கனத்த மரப்பலகையை ஊசல் போலத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். குண்டு பதிந்ததும் பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்று நாடாவால் அளந்தார். உந்தம் அழியாது என்ற விதியை வைத்து, அந்த ஆட்டத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். கண்ணால் காணமுடியாத குண்டின் வேகத்துக்கு நம்பகமான எண் கிடைத்தது அப்போதுதான்: நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர்.

அந்த எண்ணிலிருந்து பிறந்த முடிவு அறிஞர்களைத் திடுக்கிட வைத்தது. நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் 45 டிகிரி சாய்வில் போகும் குண்டு, காற்றின் தடை இல்லையென்றால் 25 கி.மீ. போக வேண்டும். நடைமுறையில் ஒரு கி.மீ.யை ஒட்டியே விழுந்துவிடுகிறது. அதுவரை காற்றின் தடையைப் பொருட்படுத்தாமல், கலிலியோ காட்டிய பரவளையத்தையே பலரும் நம்பியிருந்தார்கள். வேகமான குண்டின் மேல் காற்றின் தடை அந்தக் குண்டின் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேல் என்று ராபின்ஸ் நிறுவினார். அவருடைய நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதியவர் கணித மேதை ஆய்லர். வாணங்கள் எவ்வளவு உயரம் எழும் என்றும் ராபின்ஸ் அளந்து எழுதினார்.

அந்த ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமைப் பொறியாளராக நியமித்துச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பியது. 1750-ல் வந்தார். சென்னை, கடலூர்க் கோட்டைகளைப் பலப்படுத்தும் திட்டங்களில் இறங்கினார். 1751 ஜூலையில், கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில், காய்ச்சலில் இறந்தார். ஆயுத இயலை அறிவியலாக்கியவர் இறந்த மண்ணுக்கும், ராக்கெட் வரலாற்றைத் திருப்பிய மண்ணுக்கும் இடையே சில மணி நேரப் பயணம்தான். இரண்டு ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

உல்விச்சுக்குப் போன வாணம்

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, 600 வாண ஏவிகளும் 700 ஆயத்த வாணங்களும் 9,000 வெற்றுக் குழாய்களும் ஆங்கிலேயர் கையில் சிக்கின. மாதிரிகள் உல்விச்சுக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்ற இளைஞர் அவற்றின் மேல் ஆர்வம் கொண்டார். முதலில் லண்டனில் கிடைத்த பெரிய அட்டை வாணங்களைத் தம் கைக்காசில் வாங்கிச் சுட்டுப் பார்த்தார்; 600 கெஜத்தைத் தாண்டவில்லை. மைசூர் வாணத்துக்கு அவை இணையாகவில்லை. பிறகு இரும்பு உறைக்கு மாறினார். மருந்துக் கலவையை ஒரே சீராக அரைத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொலைவை அளந்து எழுதினார். சில ஆண்டுகளிலேயே அவருடைய வாணங்கள் 2,000 கெஜத்தை எட்டின. 1806-ல் பூலோன், 1807-ல் கோபன்ஹேகன், 1814-ல் பால்டிமோர் என்று அவை மூன்று கடல் தாண்டிப் பறந்தன. 1844-ல் வில்லியம் ஹேல் வாலையே நீக்கி, வெளியேறும் வாயுவைக் கொண்டே வாணத்தைச் சுழலவிட்டு நேராகப் போகச் செய்தார்.

மைசூரில் திறமைக்குக் குறைவில்லை. இரும்பும் நல்ல இரும்பு. ஆனால் ஒரு வாணம் ஏன் நன்றாகப் பறந்தது, மற்றொன்று ஏன் வெடித்தது என்பதை எழுதிவைத்து அடுத்தவரிடம் கொடுக்கும் ஏற்பாடு அங்கே வளரவில்லை. அறிவு கொல்லனின் கையில் இருந்தது. கை ஓய்ந்ததும் அறிவும் ஓய்ந்தது. உல்விச்சில் அது ஏட்டில் ஏறியது.

ஊதுகுழல் சொல்லிக்கொடுத்த தோட்டா

உறையின் கதை வாணத்தோடு நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தென்னிந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயக் காப்டன் ஜான் நார்ட்டன், இங்கே மக்கள் பறவை வேட்டைக்குப் பயன்படுத்திய ஊதுகுழலை உற்றுப் பார்த்தார். குழலில் வைத்து ஊதும் அம்பின் அடிப்பாகத்தில் தாமரைத் தண்டின் மெத்தென்ற உட்சோறு இருந்தது. ஊதியதும் அந்தச் சோறு விரிந்து குழலின் உட்சுவரை அடைத்துக்கொள்கிறது. மூச்சு பக்கவாட்டில் கசியாமல் முழுதும் அம்பைத் தள்ளுகிறது.

அக்காலத் துப்பாக்கியின் பெருங்குறையே இந்தக் கசிவுதான். வாய்வழி இறக்க வசதியாகக் குண்டைக் குழலைவிடச் சிறியதாக வார்ப்பார்கள். அந்த இடைவெளியில் வாயு வீணாகும், குண்டும் சுவரில் மோதி மோதித் தடம் மாறும். நார்ட்டன் அடியில் குழிவுள்ள நீள்வடிவக் குண்டைச் செய்தார். மருந்து எரிந்ததும் வாயு அந்தக் குழிவுக்குள் புகுந்து ஈயத்தை விரித்துக் குழலோடு ஒட்டவைக்கும். பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்கவில்லை. பிறகு பிரான்ஸின் மினியே இதே கருத்தைச் செம்மைப்படுத்தி 1840-களின் இறுதியில் புகழ்பெற்றார். குழலின் உட்சுவரில் மறை வெட்டிய ரைபிள் துப்பாக்கி எல்லாச் சிப்பாய்க்கும் வந்தது அதன் பின்புதான். அப்படி இந்தியாவுக்கு வந்த 1853 என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்பு தடவிய காகிதத் தோட்டா, 1857 கிளர்ச்சிக்கு ஒரு தீப்பொறியானதை நாம் படித்திருக்கிறோம்.

அடுத்த படி, காகிதத்தைக் கைவிட்டது. 1860-களில் உல்விச்சின் எட்வர்டு பாக்ஸர் பித்தளை உறைத் தோட்டாவை உருவாக்கினார். மருந்து வெடிக்கும் கணத்தில் பித்தளை விரிந்து துப்பாக்கியின் பின்வாயை வாயு கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி, இழுத்தால் வெளியே வந்துவிடுகிறது. ஊதுகுழல் அம்பின் தாமரைச் சோறு செய்த வேலையை உலோகம் செய்கிறது. இன்றைய ராணுவ ரைபிளின் தோட்டா அறையில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3,500 கிலோவையும் தாண்டும். மோட்டார் கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 கிலோ. அந்த அழுத்தத்தைக் கசியாமல் அடக்குவது ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய பித்தளையும் அதைத் தாங்கி நிற்கும் எஃகும்.

வீட்டுப் பட்டறையில் ஏன் கூடாது

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலை, ஜவ்வாது மலைப் பகுதிகளில் நாட்டுத் துப்பாக்கிகள் இன்றும் பிடிபடுகின்றன. தாமாகவே குழல் செய்து, தாமாகவே மருந்து கெட்டித்துச் சுடுவோர் கையையும் கண்ணையும் இழக்கிறார்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் யானையின் தாடையைச் சிதைக்கிறது. எடுத்துப் பார்க்கும் பிள்ளையின் விரலைக் கொண்டுபோகிறது.

காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. துப்பாக்கிக் குழலாக்கிய தண்ணீர்க் குழாயின் ஒட்டு எங்கே பலவீனம் என்று கண்ணுக்குத் தெரியாது. இறுக்கிய மருந்தில் ஒரு கீறல் விழுந்தால் எரியும் பரப்பு திடீரென்று பெருகும். பரப்பு பெருகினால் வாயு பெருகும். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். நேற்று நூறு முறை தாங்கிய குழல் இன்று ஒரே முறையில் பிளந்துவிடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் அழுத்தமானியில் சுட்டுச் சோதிப்பதும், ஒவ்வொரு குழலையும் வழக்கத்தைவிட வலுவான தோட்டாவால் சோதித்து முத்திரை இடுவதும் இதற்காகத்தான். நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டுக்கும் மேலாக அந்த ஒழுக்கத்தோடு இயங்குகிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வதையும் மாற்றியமைப்பதையும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஒருவர் வீட்டில் வெடித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சாகும் என்பதால், அந்தச் சட்டம் நியாயமானது.

புள்ளலூரிலிருந்து தும்பாவுக்கு

1963-ல் பயிற்சிக்காக அமெரிக்கா போன இராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம், நாசாவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைப் பார்த்தார். ஆங்கிலேயரை எதிர்த்துத் திப்புவின் வீரர்கள் வாணம் விடும் காட்சி. தம் நாட்டில் மறந்துபோன ஒன்று அயல்நாட்டில் பெருமையோடு மாட்டப்பட்டிருப்பதைத் தம் தன்வரலாற்றில் அவர் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். அதே ஆண்டு நவம்பர் 21-ல் கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது.

இன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கைப் பாருங்கள். 2.8 மீட்டர் விட்டம், அதற்குள் 139 டன் திட எரிபொருள், அதை அடக்குவது மாரேஜிங் எஃகு என்ற தனிவகை உலோக உறை. மருந்து மாறிவிட்டது, அளவு மாறிவிட்டது. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் கனத்தால் வகுக்கும் கணக்கு மாறவில்லை. மைசூர்க் கொல்லனுக்கும் இன்றைய பொறியாளருக்கும் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே: எவ்வளவு மெல்லிய சுவரால் எவ்வளவு பெரிய அழுத்தத்தைத் தாங்கலாம்? கொல்லன் அதற்குக் கையால் விடை சொன்னான். பொறியாளர் ஒவ்வொரு பற்றவைப்பையும் ஊடுகதிரில் பார்த்து, ஒவ்வொரு சோதனையையும் பதிவு செய்து விடை சொல்கிறார். அதனால் அந்த விடை அவரோடு போய்விடுவதில்லை.

புள்ளலூரில் வென்றவர்கள் பத்தொன்பது ஆண்டுகளில் தோற்றார்கள். அவர்கள் கண்டுபிடித்ததோ எதிரியின் ஏட்டில் ஏறி உலகைச் சுற்றியது. கைத்திறன் நமக்கு என்றுமே குறைந்ததில்லை. காஞ்சியின் தறிகளைப் பார்த்தாலே தெரியும். செய்ததை அளப்பதும், அளந்ததை எழுதுவதும், தவறியதையும் மறைக்காமல் பதிவதும் அந்தத் திறனோடு சேரும்போதுதான் அது அறிவியலாகிறது. புள்ளலூரில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்து இதைத் தமிழில் எழுதினால், அந்த வழியாகப் போகும் ஒரு பள்ளிப் பேருந்தாவது நிற்கும். நகராவின் துருப்பிடித்த குழாய்களை நம் உலோகவியல் ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து, அந்த இரும்பின் தன்மையையும் ஒட்டின் வலுவையும் எண்களாக வெளியிட வேண்டும். பெயர் தெரியாத அந்தக் கொல்லர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.